குழிக்குள் கிடந்த செவ்வாய்

லண்டன் மாநகரில் நைட்ஸ்பிரிட்ஜ் என்றொரு பகுதி. அங்கே ஒரு பழைய தெருவில் புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். மண்ணை வாரிக் கொட்டும்போது ஒரு மண்டையோடு அகப்படுகிறது. மனிதனுடையதைப் போல் இருக்கிறது; ஆனால் மனிதனுடையது அல்ல. தொல்லுயிர் ஆராய்ச்சியாளர் ஒருவர் வருகிறார். மண்ணடுக்கைப் பார்த்துவிட்டு, இதன் வயது 50 லட்சம் ஆண்டுகள் என்கிறார். இன்னும் சற்று ஆழம் போனதும் வழவழப்பான, கடினமான ஏதோ ஒன்று மண்வெட்டியில் தட்டுப்படுகிறது. உலகப் போரின்போது விழுந்து வெடிக்காமல் புதைந்த குண்டாக இருக்கலாம் என்று இராணுவத்துக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்.

இப்படித் தொடங்குகிறது ‘குவாட்டர்மாஸும் குழியும்’ என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர். 1958 டிசம்பர் 22-ஆம் நாள் திங்கட்கிழமை இரவு பி.பி.சி. இதன் முதல் பகுதியை ஒளிபரப்பியது. 1959 ஜனவரி 26-ஆம் நாள் ஆறாவது பகுதியுடன் முடிந்தது. பகுதி ஒன்றுக்கு ஏறத்தாழ 35 நிமிடம். எழுதியவர் நைஜல் நீல். தயாரித்து இயக்கியவர் வியன்னாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ருடால்ஃப் கார்ட்டியர். கடைசிப் பகுதியை ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்ததாகக் கணக்கு.

அந்தத் தொடரைப் பற்றி இத்தனை ஆண்டுகள் கழித்து, அறிவியல் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீட்டில் வைத்துப் பார்க்கும் ஒளிநாடாவாகவும், பிறகு குறுந்தகடாகவும் இத்தொடர் வெளிவந்தது. 2018-இல் புளூ-ரே தகடாகவும் வந்தது. அந்தத் தகட்டில் அண்மையில் இதை மீண்டும் பார்த்தேன். இதில் உள்ள விஞ்ஞானத்தில் பாதிக்கு மேல் தவறு. ஆயினும் விஞ்ஞானி எப்படிச் சிந்திக்கிறார் என்பதைக் காட்டுவதில் இதற்கு இணையான கதை தொலைக்காட்சியில் மிகக் குறைவு. தவறும் சரியும் ஒரே கதையில் இப்படிப் பின்னிக் கிடப்பதால்தான் மாணவர்கள் இதைப் பார்க்க வேண்டும், பார்த்தபின் இதனோடு வாதாட வேண்டும் என்று நினைக்கிறேன்.

கதையைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். முடிவு தெரிந்தால் சுவை கெட்டுவிடும் என்று கருதுபவர்கள் முதலில் தொடரைப் பார்த்துவிட்டு வாருங்கள். கட்டுரை எங்கும் போய்விடாது.

கதாநாயகர் பேராசிரியர் பெர்னார்ட் குவாட்டர்மாஸ், ராக்கெட் விஞ்ஞானி. நடித்தவர் ஆந்த்ரே மோரெல். தொடர் தொடங்கும்போது அவருடைய ஆராய்ச்சிக் குழுவை இராணுவம் தன் கைக்குள் கொண்டுவருகிறது. சந்திரனில் ஏவுகணைத் தளம் அமைக்க வேண்டுமாம். இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்கத் தரைப்படை சந்திரனில் தளம் அமைக்கும் திட்டம் ஒன்றை உண்மையாகவே 1959-இல் தயாரித்தது. முதல் ஸ்புட்னிக் பறந்தது 1957 அக்டோபரில். அடுத்த ஆண்டே நீல் இந்தக் கதையை எழுதிவிட்டார்.

குவாட்டர்மாஸின் மேல் இராணுவம் கொண்டுவந்து வைக்கும் அதிகாரி கர்னல் பிரீன். மண்டையோட்டை ஆராயும் கனடா நாட்டு விஞ்ஞானி டாக்டர் ரோனி, குவாட்டர்மாஸின் நண்பர். இந்த மூவரும் அந்தக் குழியின் விளிம்பில் நின்று உள்ளே பார்க்கிறார்கள். மூவரும் பார்ப்பது ஒரே பொருளைத்தான். ஆனால் மூவர் எண்ணுவதும் வேறு வேறு. தொடர் முழுவதும் நடக்கும் போராட்டம் இதுவே.

பிரீன் சொல்கிறார்: இது ஜெர்மானியர் ஏவிய ஏவுகணை. அப்படியானால் அதன் உட்புறத்திலிருந்தே ஒரு மண்டையோடு சிறிதும் நசுங்காமல் எப்படிக் கிடைத்தது? மேலே கிடந்த எலும்புகளெல்லாம் மண்ணின் பளுவில் நொறுங்கியிருக்க, இது மட்டும் முழுதாக இருக்கிறதே? பொருளும் எலும்பும் ஒரே காலத்தில் இங்கே வந்திருந்தாலன்றி இது நடவாது. ரோனி இதைச் சொல்லும்போது பிரீன் தோளைக் குலுக்குகிறார். மேலோட்டில் துளைக் கருவி ஒரு கீறல்கூடப் போடவில்லை. வைரத்துக்கு அடுத்த கடினப் பொருளான போரான் நைட்ரைடு முனை பொருத்திய கருவியும் தோற்றுவிடுகிறது. (இந்தப் பொருளின் கடினமான வடிவத்தை அமெரிக்காவில் செயற்கையாகச் செய்ததாக அறிவித்தது 1957-இல்தான். நீல் செய்தித்தாளைக் கூர்ந்து படிப்பவர் என்பது தெரிகிறதல்லவா?) அதற்கும் பிரீனிடம் பதில் உண்டு: ஜெர்மானியர் கெட்டிக்காரர்கள். கடைசியில் உள்ளறை திறந்துகொள்கிறது. கொம்பு போன்ற உணர்கொம்புகளும் மூன்று கால்களும் உடைய, பெரிய வெட்டுக்கிளிகளை ஒத்த உயிர்களின் உடல்கள் அங்கே தொங்குகின்றன. காற்றுப் பட்டதும் அவை அழுகத் தொடங்குகின்றன. பிரீன் இதற்கும் அசையவில்லை. மக்களைப் பயமுறுத்த ஜெர்மானியர் செய்து வைத்த பொம்மைகள் என்கிறார். அமைச்சரும் அதையே ஏற்றுக்கொள்கிறார். ஏனென்றால் பத்திரிகைக்காரர்களிடம் சொல்வதற்கு வசதியான விளக்கம் அது.

பிரீனை நீல் முட்டாளாகப் படைக்கவில்லை. அதுதான் இத்தொடரின் சிறப்பு. முதல் நாள் அன்று அவர் சொன்ன விளக்கம்தான் மிகவும் அறிவுக்கு உகந்தது. போரில் குண்டுகளால் சிதைந்த நகரம் லண்டன். குழி தோண்டினால் குண்டு கிடைப்பது சாதாரணம். எளிய விளக்கத்தை முதலில் எடுத்துக்கொள் என்று நாமே மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். ஆனால் பத்தாவது நாளும், எத்தனை புதிய சான்று வந்த பின்னும், அதே விளக்கத்தில் நிற்பதுதான் குற்றம். ஒவ்வொரு சான்றுக்கும் தன் கொள்கையில் ஓர் ஒட்டுப் போடுகிறார் பிரீன். ஒட்டுகள் பெருகப் பெருகக் கொள்கை துணியே இல்லாத சட்டையாகிவிடுகிறது. எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று அவரை யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திராது.

நாம் எல்லோரும் நம்மைக் குவாட்டர்மாஸாக நினைத்துக்கொண்டுதான் இத்தொடரைப் பார்க்கிறோம். இரண்டாம் முறை பார்க்கும்போது பிரீனை மட்டும் கவனித்துப் பாருங்கள். எனக்கு அது அவ்வளவு சுகமான அனுபவமாக இல்லை.

பேய்க்கும் ஒரு பட்டியல்

இரண்டாம் பகுதியின் பெயர் ‘பேய்கள்’. குழிக்கு அருகிலிருந்த வீடுகளில் பேய் நடமாட்டம் இருந்ததாகப் பழங்கதை. குவாட்டர்மாஸ் என்ன செய்கிறார்? சிரித்து ஒதுக்கவும் இல்லை, நம்பிவிடவும் இல்லை. பழைய செய்தித்தாள்களையும், இன்னும் பின்னே போய், பல நூற்றாண்டுகளுக்கு முந்திய ஏடுகளையும் தேடுகிறார். எந்தெந்த ஆண்டில் பேய் தென்பட்டதாக எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொண்டே வருகிறார். பட்டியல் நீளும்போது ஒன்று புலப்படுகிறது. பேய் வந்த ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன்னால் அந்த இடத்தில் யாரோ நிலத்தைக் கிளறியிருக்கிறார்கள். தெருவின் பெயர்ப்பலகையும் பேசுகிறது. புதுப் பலகையில் ‘ஹாப்ஸ்’ என்பது யாரோ ஒருவருடைய குடும்பப் பெயர் போல எழுதப்பட்டிருக்கிறது. பழைய பலகையிலோ எழுத்துக்கூட்டல் வேறு. ‘ஹாப்’ என்பது சாத்தானுக்கு வழங்கிய பழைய பட்டப்பெயர்.

விண்கலமோ கதிரியக்கமோ எதுவுமில்லாத இந்தக் காட்சிதான் ஆறு பகுதிகளிலும் என் உடலைச் சிலிர்க்க வைத்தது. ஒருவர் தூசி படிந்த தாள்களைப் புரட்டுகிறார், அவ்வளவே. மக்கள் சொன்னதைப் பொய்யென்று தள்ளாமல், அவர்கள் சொன்ன காரணத்தை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு, நிகழ்ச்சியை ஆராய்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. காலரா பரவிய காலத்தில் ஜான் ஸ்நோ 1854-இல் லண்டன் வரைபடத்தில் சாவுகளைக் குறித்தபோது செய்ததும் இதே வேலைதான். அவர் குறித்தது இடத்தை, குவாட்டர்மாஸ் குறிப்பது காலத்தை.

விளக்கம் படிப்படியாக வருகிறது. 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் செவ்வாய்க் கோள் வாழத் தகுதியற்றதாகிக்கொண்டிருந்தது. அங்கிருந்த உயிர்கள் பூமியின் காற்றில் பிழைத்திருக்க முடியாதவை. ஆகவே தாங்கள் வராமல், தங்கள் மனத்தை அனுப்பத் திட்டமிட்டன. பூமியிலிருந்து வாலில்லாக் குரங்குகளைப் பிடித்துப் போய், அவற்றின் மூளையை மாற்றி, திரும்பக் கொண்டுவந்து விட்டன. அந்தக் குரங்குகளின் வழித்தோன்றல்கள் நாம். கொம்புள்ள சாத்தான் உருவம் உலகெங்கும் மக்கள் மனத்தில் இருப்பது அந்த நினைவின் எச்சம். அதோடு வேறொன்றும் நமக்கு வந்து சேர்ந்தது. அந்த உயிர்கள் தம் கூட்டில் மாறுபட்டுப் பிறந்தவற்றைத் தேடிக் கொன்று, இனத்தைத் ‘தூய்மை’ செய்யும் வழக்கமுடையவை. அந்த வெறியும் நம் இரத்தத்தில் உறங்குகிறது.

பத்திரிகைக்காரர்களுக்காகக் குழியில் விளக்கும் மின்கம்பியும் கொண்டுவரும்போது அந்தச் சக்தியை உறிஞ்சிக் கலம் விழித்துக்கொள்கிறது. லண்டன் மக்கள் ஒரே கூட்டமாகி, தங்களிலிருந்து மாறுபட்டவர்களைக் கொல்லப் புறப்படுகிறார்கள். குவாட்டர்மாஸே அந்த வெறிக்கு ஆளாகிறார். உயிர் நண்பரான ரோனியைக் கொல்ல அவர் கை எழுகிறது. ரோனியிடம் மட்டும் அந்த மரபு இல்லை. அவர் தெளிவாக இருக்கிறார். பேய் இரும்புக்கும் நீருக்கும் அஞ்சும் என்ற பழைய நம்பிக்கைக்குள் ஓர் உண்மை இருக்கலாம், ஈர மண்ணில் இணைத்த இரும்பு அந்தச் சக்தியை நிலத்தில் இறக்கிவிடலாம் என்று ஊகிக்கிறார்கள். குவாட்டர்மாஸால் நெருங்க முடியவில்லை. ரோனி இரும்புச் சங்கிலியுடன் அந்த ஒளியுருவத்துக்குள் நடந்து போய் அதனோடு அழிகிறார். இடிதாங்கி எப்படி வேலை செய்கிறது என்று படித்த எந்த மாணவருக்கும் இந்த இடம் உடனே விளங்கும்.

இனி விஞ்ஞானத்தைச் சற்று உரசிப் பார்ப்போம்.

முதலில் மண். லண்டனுக்கு அடியில் இருக்கும் புகழ்பெற்ற நீலச் சாம்பல் களிமண் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. அதன்மேல் தேம்ஸ் ஆறு கொண்டுவந்து கொட்டிய சரளை கிடக்கிறது. அதன் வயது சில லட்சம் ஆண்டுகள். தேம்ஸ் தன் இன்றைய தடத்துக்கு வந்ததே ஏறத்தாழ நாலரை லட்சம் ஆண்டுகளுக்கு முன், பனிப்பாளம் அதன் பழைய வழியை அடைத்தபோதுதான். ஆக நைட்ஸ்பிரிட்ஜில் நீங்கள் தோண்டினால் மிக இளைய அடுக்கு கிடைக்கும், மிக மூத்த அடுக்கு கிடைக்கும். 50 லட்சம் ஆண்டு வயதுள்ள அடுக்கு கிடைக்காது. அந்தக் காலத்தின் பக்கங்கள் அந்தப் புத்தகத்தில் கிழிந்துபோயிருக்கின்றன. ரோனி போன்ற கவனமான ஆராய்ச்சியாளர் இதைச் சொல்லாமல் விட்டது வியப்புதான்.

அடுத்தது மண்டையோடு. இங்கே நீலுக்கு ஒரு பாராட்டும் ஒரு குட்டும் உண்டு. 1958-இல் மனித முன்னோரின் வரலாற்றை 50 லட்சம் ஆண்டுகளுக்குத் தள்ளியது பெரிய துணிச்சல். ஆப்பிரிக்காவில் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் மேரி லீக்கி புகழ்பெற்ற மண்டையோட்டைக் கண்டெடுத்தது 1959 ஜூலையில், தொடர் முடிந்து ஆறு மாதம் கழித்து. அதன் வயது ஏறத்தாழ 17½ லட்சம் ஆண்டுகள் என்று 1961-இல் அறிவித்தபோது அதுவே நம்ப முடியாத பழமையாகத் தோன்றியது. பிறகு 1974-இல் எத்தியோப்பியாவில் கிடைத்த ‘லூசி’க்கு வயது 32 லட்சம். 2001-இல் சாட் நாட்டில் கிடைத்த மண்டையோட்டுக்கு 60 முதல் 70 லட்சம் வரை சொல்கிறார்கள். நீலின் எண் இன்று சிரிப்புக்கிடமானதாக இல்லை.

குட்டு எதற்கு? அந்தப் பழைய குரங்குக்கு அவர் பெரிய மூளையைக் கொடுத்துவிட்டார். எலும்புகள் சொல்லும் வரிசை நேர் எதிரானது. நம் முன்னோர் முதலில் இரண்டு காலில் நடந்தனர். மூளை பெருத்தது அதற்கு வெகுகாலம் கழித்து. லூசி நிமிர்ந்து நடந்தாள், அவளுடைய மூளையோ சிம்பன்சியினுடையதைவிடச் சற்றே பெரியது. ‘முதலில் மூளை’ என்ற எண்ணம் இங்கிலாந்தில் வெகுகாலம் செல்வாக்காக இருந்ததற்கு ஒரு காரணம் பில்ட்டவுன் மோசடி. மனித மண்டையோட்டையும் உராங்குட்டான் தாடையையும் சேர்த்து வைத்து ஆதிமனிதன் என்று ஏமாற்றிய அந்தக் கதை 1912-இல் தொடங்கி 1953-இல்தான் வெளிப்பட்டது. பிரீன் ‘எல்லாம் மோசடி’ என்று சொல்லும்போது, 1958-இன் பார்வையாளருக்கு அது கேலிப் பேச்சாக மட்டும் தோன்றியிராது.

செவ்வாயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே தாவரங்கள் இருக்கலாம் என்று 1950-களின் இறுதியிலும் வானியலார் சிலர் எண்ணினர். 1965 ஜூலையில் மாரினர்-4 அனுப்பிய படங்களில் வெறும் பள்ளங்களே தெரிந்தன. காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதும் தெரிந்தது. செவ்வாயில் ஆறுகளும் ஏரிகளும் இருந்தது உண்மை. ஆனால் அது 300 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய செய்தி. 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது ஏறத்தாழ இன்றுபோலவே வறண்டு கிடந்தது. மூன்று கால் வெட்டுக்கிளிக்கு மூச்சு விடவும் அங்கே ஏது வழி?

மூளையில் தோன்றும் காட்சியைத் திரையில் பதியும் ஒரு கருவியை ரோனி செய்து வைத்திருக்கிறார். இதை நான் முதலில் பார்த்தபோது சிரித்தேன். 2011-இல் அமெரிக்காவில் பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள், படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் மூளையில் இரத்த ஓட்டம் மாறுவதை அளந்து, அவர்கள் பார்த்த காட்சியை மங்கலாகத் திரும்ப உருவாக்கிக் காட்டினர். சிரிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பாதியை மட்டும், ஏனெனில் அந்தக் கருவி காட்டியது கண்ணெதிரே ஓடிய படத்தை, பரம்பரை நினைவை அன்று.

வெறுப்பு இரத்தத்திலா?

பரம்பரை நினைவு என்ற இந்த இடத்தில்தான் எனக்கும் நைஜல் நீலுக்கும் உண்மையான சண்டை. மற்றத் தவறுகள் கதைக்கு அலங்காரம், அவற்றை மன்னிக்கலாம். இது கதையின் முதுகெலும்பு.

1958 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் லண்டனில் நாட்டிங் ஹில் பகுதியில் கலவரம் நடந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய கறுப்பு மக்களை வெள்ளை இளைஞர் கும்பல்கள் தெருத் தெருவாகத் தேடித் தாக்கின. மூன்றரை மாதம் கழித்து, அதே நகரத்து மக்கள் ‘மாறுபட்டவர்களைத் தேடிக் கொல்லும்’ கதையைத் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்த்தார்கள். நீல் தயங்கவில்லை. செவ்வாயிலிருந்து வந்த அரக்கனை அவர் வெளியே நிறுத்தவில்லை. பார்ப்பவரின் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். இறுதிக் காட்சியில் குவாட்டர்மாஸ் தொலைக்காட்சியில் நேராக நம்மைப் பார்த்துப் பேசுகிறார். செவ்வாய் வாசிகள் நாம்தான், இந்த மரபை அடக்கத் தெரியாவிட்டால் பூமி அவர்களுடைய இரண்டாவது செத்த கோளாகிவிடும் என்பது அவர் பேச்சின் சாரம்.

அன்றைய ஒளிபரப்பில் இப்படிப் பேசுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் காரணம் சொல்லும் முறையைப் பாருங்கள். வெறுப்பு வெளியிலிருந்து ஊசி போடப்பட்டதாம். 50 லட்சம் ஆண்டுகளாக மாறாமல் இரத்தத்தில் ஓடி வந்ததாம். கலவரத்தில் கல்லெறிந்தவன் இதைக் கேட்டால், நான் என்ன செய்வேன், இது என் பிறவிக் குணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இடமிருக்கிறதே! ஊரில் வீட்டு வாடகை யாருக்குக் கொடுக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது, கும்பலை யார் தூண்டிவிட்டார்கள் என்ற கேள்விகளெல்லாம் செவ்வாய்க் கோளின் பின்னால் மறைந்துவிடுகின்றன.

உயிரியலும் இந்தக் கதைக்குச் சாட்சி சொல்லவில்லை. ஒருவர் வாழ்வில் கண்ட காட்சி, கேட்ட கதை, கொண்ட பகை ஆகியவை மூளையின் நரம்பிணைப்புகளில் பதிகின்றன. முட்டையிலும் விந்திலும் உள்ள மரபணுக்களில் அவை படமாக எழுதப்படுவதில்லை. மனித மரபணுத் தொகுப்பின் வரைவு 2001-இலும் சிம்பன்சியினுடையது 2005-இலும் வெளியாயின. நேருக்கு நேர் ஒப்பிடக்கூடிய இடங்களில் இரண்டுக்கும் வேறுபாடு நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டுகிறது. அந்த வேறுபாடும் சாதாரண மாற்றங்கள் மெல்ல மெல்லச் சேர்ந்ததாகவே தெரிகிறது. யாரோ கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன தடயம் ஒன்றுமில்லை.

இன்னும் ஒன்று. 1972-இல் ரிச்சர்ட் லெவோன்டின் என்ற மரபியலார் மனிதரிடையே உள்ள மரபு வேறுபாட்டைக் கணக்கிட்டார். அதில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள்கூட்டத்துக்குள் இருக்கும் ஆளுக்கு ஆள் வேறுபாடுதான். ‘இனம்’ என்று நாம் பிரித்து வைத்திருக்கும் பெரும் பிரிவுகளுக்கு இடையே உள்ளது 6 விழுக்காடு அளவே. கூட்டில் மாறுபட்டவற்றைத் தேடிக் கொல்லும் செவ்வாய் வெட்டுக்கிளிக்கு இந்தக் கணக்கைக் கொடுத்தால் அது தன் கூடு முழுவதையும் கொன்றாக வேண்டியிருக்கும்.

நீலுக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். அவர் ரோனியைப் படைத்திருக்கிறார். எல்லாருக்கும் அந்த மரபு இல்லை என்று கதைக்குள்ளேயே சொல்லிவிட்டார். குவாட்டர்மாஸும், தன் கை எதற்காக எழுந்தது என்று தெளிந்தபின், அதை ஒளிக்காமல் நண்பரிடமே சொல்லிவிடுகிறார். நீ வேறாக இருந்தாய், அதனால் கொல்ல நினைத்தேன் என்கிறார். மோரெல் அதைச் சொல்லும் குரலில் அதிர்ச்சியைவிட வெட்கம் மிகுதி. மரபியலில் நீல் சறுக்கியிருக்கலாம். மனிதரைப் பார்த்ததில் சறுக்கவில்லை.

வேற்றுக்கோள்காரர்கள் மனிதனைச் செய்தார்கள் என்ற கருத்தைப் பத்து ஆண்டுகள் கழித்து, 1968-இல், எரிக் வான் டேனிகன் உண்மையென்றே புத்தகம் எழுதி உலகெங்கும் விற்றார். நீல் அதைக் கற்பனை என்று சொல்லித்தான் கொடுத்தார். கற்பனைக்கும் புளுகுக்கும் வேறுபாடு தெரியாத நண்பர் உங்களுக்கு இருந்தால் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள்.

தொடரின் தொழில்நுட்பமும் கவனிக்கத் தக்கது. பெரும்பகுதி லண்டனில் ரிவர்சைடு படப்பிடிப்புக் கூடத்திலிருந்து நேரடியாக ஒளிபரப்பானது. நடிகர் வசனத்தை மறந்தால் மறந்ததுதான். குழிக் காட்சிகளையும் வேறு சிலவற்றையும் முன்கூட்டியே படச்சுருளில் எடுத்து இடையிடையே ஓட்டினார்கள். ஒலி விளைவுகள் பி.பி.சி. 1958-இல் புதிதாகத் தொடங்கியிருந்த மின்னொலிக் கூடத்தில் பிறந்தவை. கலம் அதிரும்போது எழும் அந்தத் தொண்டையடைத்த ஓசையை இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். உருவத்தைவிட ஓசைதான் மிரட்டுகிறது. வெட்டுக்கிளிகள் ஒன்றையொன்று கொல்லும் ‘வேட்டை’க் காட்சியோ, உண்மையைச் சொன்னால், கம்பியில் ஆட்டிய பொம்மைகளாகவே தெரிகிறது. ரோனியின் உதவியாளராக வரும் பார்பரா ஜட் என்ற பெண் விஞ்ஞானிக்குத் தொடக்கத்தில் நல்ல வேலை இருக்கிறது. போகப் போக ஆவேசம் வந்து நடுங்குவதே அவர் பங்காகிவிடுகிறது. அந்தக் காலத்துக் குறை என்று சொல்லலாம். குறை குறைதான்.

1967-இல் இதே கதையை ஹாமர் நிறுவனம் வண்ணத்தில் திரைப்படமாக எடுத்தது. கட்டடக் குழிக்குப் பதில் சுரங்க இரயில் நிலையம். விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் மூன்றரை மணி நேரக் கதையை ஒன்றரை மணிக்குச் சற்று மேலாகச் சுருக்கியதால், அந்தப் பழைய ஏடுகளைப் புரட்டும் பொறுமை போய்விட்டது. 1988-இல் வந்த ஒளிநாடாவிலும் ஆறு பகுதிகளை வெட்டி ஒட்டி ஒரே நீண்ட படமாக்கியிருந்தார்கள். ஆகவே முழுத் தொடரையே தேடிப் பாருங்கள்.

தகட்டில் ஒரு வேடிக்கையான விஞ்ஞானமும் உண்டு. நேரடி ஒளிபரப்பைச் சேமிக்க அக்காலத்தில் கையாண்ட ஒரு வழி, தொலைக்காட்சித் திரையின் முன் படக்கருவியை வைத்துப் படமெடுப்பது. தொலைக்காட்சியில் நொடிக்கு 50 அரைப்படங்கள் ஓடும். படச்சுருளில் நொடிக்கு 25 முழுப்படங்கள். எனவே சுருளில் அசைவின் வழுவழுப்பு போய்விடும். 2005-இல் குறுந்தகடு தயாரித்தவர்கள், இரண்டு படங்களுக்கு நடுவே இருந்திருக்க வேண்டிய படத்தைக் கணினியால் கணக்கிட்டு நிரப்பி, 1958-இல் வீட்டுத் திரையில் தெரிந்த அதே அசைவைத் திரும்பக் கொண்டுவந்தனர். மோரெல் தலையைத் திருப்பும்போது பாருங்கள், அவர் அடுத்த அறையில் நிற்பது போலிருக்கும்.

அதே தொகுப்பில் முதல் குவாட்டர்மாஸ் தொடரும் இருக்கிறது. 1953-இல் வந்த அதன் ஆறு பகுதிகளில் முதல் இரண்டைத்தான் பதிவு செய்தார்கள். தரம் போதவில்லை என்று அத்தோடு நிறுத்திவிட்டார்கள். மற்ற நான்கும் காற்றோடு போயின. மீந்திருக்கும் இரண்டாம் பகுதியில் ஓரிடத்தில் திரையின் மேல் ஒரு சிறு கரும்புள்ளி நகரும். உங்கள் தொலைக்காட்சிப் பெட்டியைத் துடைக்காதீர்கள். அன்று பதிவு செய்துகொண்டிருந்தபோது திரையில் வந்து அமர்ந்த ஒரு பூச்சி அது. சில நிமிடங்கள் அங்கேயே ஊர்ந்துகொண்டிருக்கும்.